மதிலுக்குள் ஓர் அரசு

ஓர் அரசுக்கு இன்றியமையாத உறுப்புகள் ஆறு என்று வகுத்தார் வள்ளுவர். குடிமக்கள், பொருள்வளம், அமைச்சு, படை, நட்பு, அரண் என்பன அவை. நிலப்பரப்பின் அளவை அவர் தனியோர் உறுப்பாக எண்ணவில்லை. இது சிந்தனைக்குரியது. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானபோது, இத்துணைச் சிறிய தீவு ஒரு நாடாக நிலைத்து நிற்குமா என்னும் ஐயம் உள்ளூரிலும் வெளியூரிலும் எழுந்தது. அவ்வாறு ஐயுற்றவர்கள் முதலில் பார்த்தது பரப்பளவைத்தான்.

நம்மினும் பன்மடங்கு சிறிய ஓர் அரசு இவ்வுலகில் உண்டு. இத்தாலியின் தலைநகரான உரோமாபுரிக்குள், நாற்புறமும் அந்நகரமே சூழ, மதிலுக்குள் அடங்கிக் கிடக்கும் வத்திக்கான் நகர அரசுதான் அது. அதன் பரப்பு ஏறத்தாழ 44 ஹெக்டேர். நம் பூமலை, அதாவது 82 ஹெக்டேர் பரப்புள்ள சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டம், அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. தோ பாயோ நகரியத்துக்குள் அத்தகைய அரசுகள் பத்துக்கு மேல் அடங்கும். ஓர் எல்லையிலிருந்து மற்றோர் எல்லைக்கு நடந்து செல்ல இருபது நிமிடம் போதும். ஆயினும் அதற்குக் கொடி உண்டு, நாணயம் உண்டு, அஞ்சல்தலை உண்டு, தூதர்கள் உண்டு. அது எவ்வாறு தோன்றியது? எவ்வாறு நாள்தோறும் இயங்குகிறது? எதை நம்பி உயிர் வாழ்கிறது? சமயக் கொள்கைகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நகர அரசின் குடிமக்களாகிய நாம், மற்றொரு நகர அரசை அரசு என்ற முறையில் அறிந்துகொள்வதே நோக்கம்.

குன்றும் கோயிலும்

வத்திக்கான் என்பது பழைய உரோமாபுரிக்கு வெளியே, தைபர் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த ஒரு குன்றின் பெயர். உரோமப் பேரரசர் காலத்தில் அங்கே தேரோட்டப் பந்தயத் திடலும் இடுகாடும் இருந்தன. நீரோ மன்னனின் ஆட்சியில் இயேசுவின் தலைமைச் சீடரான பேதுரு அங்கேதான் கொல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார் என்பது கிறித்துவ மரபு. நம் பழைய கத்தோலிக்கக் குடும்பங்கள் இராயப்பர் என்று வழங்குவது இவரையே. நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் அக்கல்லறைமீது ஒரு பெருங்கோயிலை எழுப்பினார். 846ஆம் ஆண்டு கடல்வழி வந்த அராபியப் படையினர் அக்கோயிலைக் கொள்ளையிட்டனர். அதன்பின் நான்காம் லியோ என்ற போப்பாண்டவர் குன்றைச் சுற்றி மதில் கட்டினார். மதிலுக்குள் வாழும் வத்திக்கானின் வரலாறு அங்கே தொடங்குகிறது.

அதற்கு முன்பே போப்பாண்டவர் மண்ணாளும் மன்னராகவும் ஆகிவிட்டார். 756ஆம் ஆண்டு பிராங்கிய அரசரான பெப்பின், இத்தாலியின் நடுப்பகுதியில் தாம் வென்ற நிலங்களைப் போப்பாண்டவருக்கு அளித்தார். அன்றுமுதல் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, திருச்சபைத் தலைவரே வரி வாங்கவும் படை நடத்தவும் தண்டனை வழங்கவும் கூடிய வேந்தராகவும் விளங்கினார். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் பிரெஞ்சு நாட்டுப் பக்கமுள்ள அவிஞோன் நகரில் தங்கியிருந்தனர். அங்கிருந்து திரும்பிய பின்னரே, முன்பிருந்த இலாத்தரன் அரண்மனையை விடுத்து வத்திக்கானைத் தம் உறைவிடமாக்கிக் கொண்டனர்.

இன்று நாம் படங்களில் காணும் பேதுரு பெருங்கோயிலுக்கு 1506ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. மைக்கலாஞ்சலோ அதன் குவிமாடத்தை வகுத்தார். 1626ஆம் ஆண்டுதான் கோயில் திருநிலைப்படுத்தப்பட்டது. நூற்றிருபது ஆண்டுப் பணி அது. அப்பணிக்குப் பணம் திரட்டுவதற்காகப் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டதும், அதை எதிர்த்து 1517ஆம் ஆண்டு மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்ததும் வரலாறு அறிந்தவை. கோயில் ஒன்று எழுந்தது. மேலைத் திருச்சபை இரண்டாகப் பிளந்தது. மண்ணாசையும் பொன்னாசையும் ஆன்மிக அதிகாரத்தோடு கலந்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஐம்பத்தொன்பது ஆண்டுப் பிணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியின் சிற்றரசுகள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடாக உருப்பெற்றன. போப்பாண்டவரின் நிலங்கள் ஒவ்வொன்றாக அந்நாட்டுடன் சேர்ந்தன. 1870ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் இத்தாலியப் படை பியா வாயில் அருகே மதிலை உடைத்துக்கொண்டு உரோமாபுரிக்குள் நுழைந்தது. ஒன்பதாம் பயஸ் போப்பாண்டவர் வத்திக்கான் அரண்மனைக்குள் புகுந்து, தம்மை ஒரு சிறையாளர் என்றே கருதிக்கொண்டார்.

இத்தாலி அரசு அவரை அவமதிக்க விரும்பவில்லை. 1871ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றி, அவருக்கு அரசருக்குரிய மரியாதைகளும் ஆண்டுதோறும் பெருந்தொகையும் தருவதாக அறிவித்தது. அவரோ ஒரு காசும் பெற மறுத்துவிட்டார். இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதனுள் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு நாடாளுமன்றம் தானே இயற்றிய சட்டத்தை நாளை தானே நீக்கலாம். சட்டம் ஒருவர் கொடுப்பது; உடன்படிக்கை இருவர் செய்துகொள்வது. கொடுப்பவன் கை மேலே இருக்கும்வரை வாங்குபவன் சுதந்திரன் ஆகான். இந்த ஒரு காரணத்துக்காக ஐந்து போப்பாண்டவர்கள், 59 ஆண்டுகள், வத்திக்கான் மதிலைத் தாண்டி வெளியே வராமல் இருந்தனர்.

முடிவில் 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் இலாத்தரன் அரண்மனையில் உடன்படிக்கை கையெழுத்தானது. திருச்சபையின் சார்பில் கர்தினால் கஸ்பாரியும் இத்தாலியின் சார்பில் முசோலினியும் ஒப்பமிட்டனர். இழந்த நிலங்களுக்கு ஈடாக 75 கோடி லீரா ரொக்கமும், 100 கோடி லீரா மதிப்புள்ள அரசுப் பத்திரங்களும் தர இத்தாலி இசைந்தது. வத்திக்கான் என்னும் தனியரசு அன்று பிறந்தது. அப்போது போப்பாண்டவராக இருந்தவர் பதினொன்றாம் பயஸ். பெரிய நிலப்பரப்பை அவர் கேட்கவில்லை. உயிரைத் தாங்கும் அளவுக்கு உடல் இருந்தால் போதும் என்பதே அவர் கருத்து.

கொடுங்கோலன் ஒருவனோடு கைகுலுக்கி அவனுக்குப் பெருமை தேடித் தந்தார்கள் என்று இவ்வுடன்படிக்கையைக் குறைகூறியவர்கள் அன்றும் இருந்தனர்; இன்றும் உள்ளனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் ஒப்பமிட்ட முசோலினி 1943ஆம் ஆண்டு வீழ்ந்தார். இத்தாலியின் முடியாட்சி 1946ஆம் ஆண்டு ஒழிந்தது. 1948ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த குடியரசின் அரசியலமைப்பு, அதே உடன்படிக்கையைத் தன் ஏழாம் பிரிவில் ஏற்றுக்கொண்டது. ஆட்கள் போனார்கள், எழுத்து நின்றது.

குடி

இனி, வள்ளுவர் வகுத்த ஆறு உறுப்புகளைக் கொண்டு இவ்வரசை அளந்து பார்ப்போம். முதலில் குடி.

வத்திக்கானில் வாழ்வோர் ஆயிரம் பேருக்கும் குறைவு. அவர்களில் எவரும் பிறப்பால் குடியுரிமை பெற்றவரல்லர். பணியே அங்கே குடியுரிமை தருகிறது. அங்கோ உரோமாபுரியிலோ வாழும் கர்தினால்கள், திருப்பீடத்தின் தூதர்கள், அலுவல் காரணமாக மதிலுக்குள் குடியிருப்பவர்கள் ஆகியோர் குடிமக்கள் ஆவர். சிலருடைய மனைவி மக்களும் அவர்கள் வழியாக அவ்வுரிமையைப் பெறுகின்றனர். பணி முடிந்தால் உரிமையும் முடிகிறது. அவ்வாறு இழப்பவருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை இல்லையென்றால் இத்தாலி அவரைத் தன் குடிமகனாக ஏற்றுக்கொள்ளும் என்று உடன்படிக்கையே வழிவகுத்திருக்கிறது.

மதிலுக்குள் பணிபுரிவோரில் மிகப் பலர் வெளியே உரோமாபுரியில் குடியிருப்பவர்கள். காலையில் எல்லை கடந்து வேலைக்கு வருகிறார்கள். மாலையில் எல்லை கடந்து வீடு திரும்புகிறார்கள். ஜொகூர்ப் பாலத்தின் காலை நெரிசலைக் கண்டவர்களுக்கு இது புதுமையன்று. ஆனால் ஒரு வேறுபாடு பெரிது. நம் முன்னோர் இத்தீவுக்கு வேலை தேடி வந்தார்கள். துறைமுகத்திலும் சாலையிலும் உழைத்தார்கள். பின்னர் இங்கேயே வேரூன்றிக் குடிமக்களானார்கள். வேலை போனாலும் ஊர் போகாது என்ற நிலை நமக்கு வாய்த்தது. வத்திக்கானில் வேலை உள்ளவரைதான் ஊர்.

பொருள்

அங்கே வயலில்லை, ஆலையில்லை, துறைமுகமில்லை. வருமான வரியும் இல்லை. பின் எதைக் கொண்டு வாழ்கிறது? அருங்காட்சியகங்களுக்கு ஆண்டுதோறும் பல இலட்சம் மக்கள் வந்து நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார்கள். 1506ஆம் ஆண்டு திராட்சைத் தோட்டம் ஒன்றில் தோண்டி எடுக்கப்பட்ட ஒரு பழைய கிரேக்கச் சிலையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்ததிலிருந்து தொடங்கியது அந்தத் தொகுப்பு. அஞ்சல்தலை சேர்ப்போரும் நாணயம் சேர்ப்போரும் தரும் பணம் மற்றொரு வருவாய். முதல் அஞ்சல்தலை 1929ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இத்தாலிய லீராவுக்கு இணையாக வழங்கிய நாணயத்தை விடுத்து, 2002ஆம் ஆண்டு முதல் யூரோ நாணயத்தைத் தன் முத்திரையோடு வெளியிட்டு வருகிறது. திருப்பீடத்துக்கோ முதலீடுகளின் ஆதாயமும், ‘பேதுருவின் காசு’ என்ற பெயரில் உலகெங்கும் உள்ள கோயில்களில் திரட்டப்படும் காணிக்கையும் சேர்கின்றன.

அன்றாட வாழ்வுக்கு வேண்டியவை மதிலுக்குள்ளேயே உள்ளன. 1874ஆம் ஆண்டு தொடங்கிய மருந்தகம் ஒன்று இன்றும் நடக்கிறது. வெளியே எளிதில் கிடைக்காத மருந்துகளும் கிடைப்பதால், உரோமாபுரி மக்களும் மருத்துவர் சீட்டோடு அதன் வாயிலில் வந்து நிற்கிறார்கள். அனுமதி அட்டை உள்ளவர்களுக்கு மளிகை அங்காடியும் பெட்ரோல் நிலையமும் உண்டு. தீயணைப்புப் படை உண்டு. வானொலி நிலையத்தை 1931ஆம் ஆண்டு மார்க்கோனியே அமைத்துக் கொடுத்தார். அதன் ஒலிபரப்பு மொழிகளில் தமிழும் இடம்பெற்றது. இரயில் நிலையமும் ஒன்றுண்டு. உள்ளே இருக்கும் தண்டவாளத்தின் நீளம் சில நூறு மீட்டர்தான். இருபத்து மூன்றாம் ஜான் போப்பாண்டவர் 1962ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் அங்கிருந்து இரயிலேறி லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் திருப்பயணம் சென்றார்.

பொருளின் கதையில் கறையும் உண்டு. 1942ஆம் ஆண்டு நிறுவப்பட்ட வத்திக்கான் வங்கி, தன்னோடு தொடர்புகொண்ட அம்புரோசியானோ வங்கி 1982ஆம் ஆண்டு முறிந்தபோது உலகின் பழிக்கு ஆளாயிற்று. சட்டப்படி தனக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிக்கொண்டே, கடன் கொடுத்தோருக்கு 1984ஆம் ஆண்டு ஏறத்தாழ 24 கோடி அமெரிக்க டாலர் கொடுக்க நேர்ந்தது. இலண்டன் நகரில் ஒரு கட்டடம் வாங்கியதை ஒட்டி எழுந்த நிதி வழக்கில், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் வத்திக்கான் நீதிமன்றம் கர்தினால் ஒருவருக்கே ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். வெளியார் கண் படாத இடத்தில் கணக்குப் புத்தகம் எளிதில் மங்கிவிடுகிறது. சிறிய அரசுகள் அனைத்தும் நினைவில் கொள்ளவேண்டிய பாடம் இது.

அமைச்சு

சட்டம் இயற்றல், ஆட்சி நடத்தல், நீதி வழங்கல் ஆகிய மூன்று அதிகாரங்களும் போப்பாண்டவர் ஒருவரிடமே உள்ளன. மக்களாட்சியில் வாழ்வோருக்கு இது வியப்பாகத் தோன்றும். ஆனால் இம்முடி பரம்பரை முடியன்று, தேர்தலால் வருவது. 1268ஆம் ஆண்டு நான்காம் கிளமெண்ட் மறைந்தபின், விதேர்போ நகரில் கூடிய கர்தினால்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஒரு முடிவுக்கும் வரவில்லை. பொறுமையிழந்த ஊரார் அவர்களை உள்ளே வைத்துப் பூட்டி, உணவைக் குறைத்து, கூரையையும் பிரித்துவிட்டார்கள் என்பர். பூட்டிய அறைக்குள் தேர்தல் நடத்தும் வழக்கம் அதன் பின்னரே 1274ஆம் ஆண்டு விதியாக்கப்பட்டது. எண்பது வயதுக்கு உட்பட்ட கர்தினால்களே வாக்களிக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிரான்சிஸ் போப்பாண்டவர் மறைந்தபின், மே 7ஆம் நாள் 133 கர்தினால்கள் கூடினர். மறுநாளே பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். வாக்களித்தவர்களுள் சிங்கப்பூர்ப் பேராயரான கர்தினால் வில்லியம் கோவும் ஒருவர். இந்நாட்டிலிருந்து கர்தினாலாக உயர்ந்த முதல்வர் அவர். 2022ஆம் ஆண்டு அப்பதவி பெற்றவர்.

அன்றாட நிருவாகத்தை ஆளுநரகம் கவனிக்கிறது. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதன்முறையாக ஒரு பெண், அருட்சகோதரி இரஃபாயெல்லா பெத்ரீனி, அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

இங்கே ஒரு நுட்பமான வேறுபாட்டை விளக்கவேண்டும். வத்திக்கான் நகரம் வேறு, திருப்பீடம் வேறு. திருப்பீடம் என்பது உலகக் கத்தோலிக்கத் திருச்சபையை ஆளும் போப்பாண்டவரின் தலைமைப் பதவியும் அதைச் சார்ந்த அலுவலகங்களும். வத்திக்கான் நகரம் அத்திருப்பீடம் எவருக்கும் அடங்காமல் இயங்குவதற்காக அமைந்த நிலம். நிலத்தின் ஆட்சி 44 ஹெக்டேரோடு முடிந்துவிடுகிறது. திருப்பீடத்தின் ஆணையோ தோ பாயோ வரைக்கும் வருகிறது. இங்கே அடுக்குமாடி வீடுகளுக்கிடையே 1971ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உயிர்த்த கிறிஸ்து தேவாலயத்துக்குப் பங்குத்தந்தையை நியமிப்பவர் பேராயர். அப்பேராயரை நியமிப்பவர் போப்பாண்டவர்.

படை

சுவிட்சர்லாந்து வீரர்களைக் கொண்ட காவற்படை ஒன்று 1506ஆம் ஆண்டு முதல் போப்பாண்டவரைக் காத்து வருகிறது. 1527ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், ஊதியம் பெறாமல் வெகுண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை உரோமாபுரியைச் சூறையாடியது. அன்று 189 சுவிஸ் வீரர்களுள் 147 பேர் போரிட்டு மடிந்தனர். அவர்கள் தாக்குப் பிடித்த நேரத்தில் ஏழாம் கிளமெண்ட் போப்பாண்டவர் மதில்மேல் அமைந்த மறைவழியே ஓடி, தூய வானதூதர் கோட்டைக்குள் புகுந்து உயிர் தப்பினார். அதன் நினைவாகவே புதிய வீரர்கள் மே 6ஆம் நாளைத் தம் உறுதிமொழி நாளாகக் கொண்டுள்ளனர்.

அப்படையில் இன்று 135 பேருக்கு இடம் உண்டு. சேர்பவர் சுவிஸ் குடிமகனாகவும் கத்தோலிக்கராகவும் திருமணமாகாதவராகவும் இருத்தல் வேண்டும். தம் நாட்டில் படைப்பயிற்சி முடித்திருத்தல் வேண்டும். வண்ண உடையும் நீண்ட ஈட்டியும் சுற்றுலா வந்தோரின் படக்கருவிகளுக்கு விருந்தாகின்றன. ஆனால் 1981ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் பேதுரு சதுக்கத்தில் இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவர் சுடப்பட்ட பிறகு, காவல் என்பது அங்கே வெறும் கோலம் அன்று என்பதை அனைவரும் உணர்ந்தனர். சுட்டவரை விசாரித்துத் தண்டித்தது இத்தாலிய நீதிமன்றம். சதுக்கம் வத்திக்கானுக்கு உரியதாயினும் அங்கே காவல்புரியும் பொறுப்பை இத்தாலியக் காவல்துறைக்கு உடன்படிக்கை தந்திருக்கிறது. தன்னால் இயலாததை ஒப்பந்தத்தின் வழியே அண்டை நாட்டிடம் ஒப்படைக்கத் தயங்காத அரசு அது.

நட்பு

இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகளோடு திருப்பீடம் தூதுறவு கொண்டுள்ளது. ஐக்கிய நாட்டு மன்றத்தில் உறுப்பினராகச் சேராமல் 1964ஆம் ஆண்டு முதல் நிலையான பார்வையாளராக அமர்ந்திருக்கிறது. வாணிகப் போட்டியோ எல்லைத் தகராறோ இல்லாதவரிடம் பகைவர் இருவரும் வழக்குரைக்கலாம் அல்லவா? அர்ஜென்டினாவும் சிலியும் பீகிள் கால்வாய்த் தீவுகளுக்காகப் போர் தொடுக்க இருந்தபோது வத்திக்கான் இடைநின்று பேசியது. 1984ஆம் ஆண்டு அவை அமைதி உடன்படிக்கை செய்துகொண்டன.

சிங்கப்பூருடன் தூதுறவு 1981ஆம் ஆண்டு ஏற்பட்டது. 1986ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் இரண்டாம் ஜான் பால் இங்கு வந்து பழைய தேசிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றினார். 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 11 முதல் 13 வரை பிரான்சிஸ் போப்பாண்டவர் இங்கே தங்கினார்.

ஆனால் உரோமாபுரிக்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பு தூதுறவைவிடப் பழையது, விந்தையானதும்கூட. கீழைநாடுகளில் குருக்களை நியமிக்கும் உரிமையைப் போர்த்துகல் மன்னர்களுக்குப் போப்பாண்டவர்கள் பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் வழங்கியிருந்தனர். பின்னர் 1622ஆம் ஆண்டு உரோமாபுரியே தன் நேரடி மேற்பார்வையில் மறைபரப்பு மன்றம் ஒன்றை நிறுவியது. இரண்டுக்கும் இடையே மூண்ட பூசல் தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் நெடுங்காலம் புகைந்தது. சிங்கப்பூரையும் அது விடவில்லை. இங்கே பிரெஞ்சுக் குருக்களின் நல்லாயன் ஆலயம் 1847ஆம் ஆண்டு எழுந்தது. அதற்கு அருகிலேயே, விக்டோரியா சாலையில், போர்த்துகீசியக் குருக்களின் சூசையப்பர் ஆலயம் 1853ஆம் ஆண்டு எழுந்தது. ஒரே ஊர், ஒரே மறை, கூப்பிடு தூரத்தில் இரண்டு ஆட்சி! 1886ஆம் ஆண்டு போப்பாண்டவரும் போர்த்துகலும் செய்துகொண்ட உடன்படிக்கையை அடுத்து சூசையப்பர் ஆலயம் மக்காவ் மறைமாவட்டத்தின்கீழ் வைக்கப்பட்டது. சிங்கப்பூர் தனி நாடாகியும் அந்த ஏற்பாடு மாறவில்லை. 1981ஆம் ஆண்டில்தான் அது சிங்கப்பூர்ப் பேராயத்தின் ஆட்சிக்குள் வந்தது. கொடுத்த சொல்லை ஒரு நூற்றாண்டுக் காலம் காப்பாற்றும் அரசு என்பதற்கு நம் நகரின் நடுவிலேயே சான்று நிற்கிறது.

தமிழ்க் கத்தோலிக்கரோ முதலில் சீனக் கத்தோலிக்கரோடு பேதுரு பவுல் ஆலயத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தனர். 1888ஆம் ஆண்டு ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழுந்தபோதுதான் தமிழில் மன்றாட அவர்களுக்கென ஓர் இல்லம் கிடைத்தது. தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள அவ்வாலயம் இன்று நாட்டின் நினைவுச்சின்னங்களுள் ஒன்று. தமிழ்த் திருப்பலி இன்றும் அங்கே நடக்கிறது.

அரண்

வத்திக்கானின் மதில் உயரமானது, தடிப்பானது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் எந்த மதில் எந்தப் படையைத் தடுத்தது? 1943ஆம் ஆண்டு செப்டம்பரில் இட்லரின் படை உரோமாபுரியைக் கைப்பற்றியது. பேதுரு சதுக்கத்தின் வாயிலில், இத்தாலி முடிந்து வத்திக்கான் தொடங்கும் இடத்தில், தரையில் ஒரு வெள்ளைக் கோடு தீட்டப்பட்டது. செருமானிய வீரர்கள் துப்பாக்கியோடு அக்கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். 1944ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் நேச நாட்டுப் படை நகருக்குள் வரும்வரை அக்கோடு அப்படியே இருந்தது. நடுவே 1943ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இரவு விமானம் ஒன்று மதிலுக்குள் குண்டுகள் வீசிச் சென்றது. கட்டடங்கள் சேதமுற்றன, அரசு நிலைத்தது.

அதே காலத்தில் நம் தீவு சியோனான் என்ற பெயரில் சப்பானியர் ஆட்சியில் இருந்ததை நினைத்துப் பார்க்கலாம். பெரும் பீரங்கிகள் காத்த கோட்டை 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் வீழ்ந்தது. ஒரு வெள்ளைக் கோடு வீழவில்லை. ஏன்? அக்கோட்டைத் தாண்டினால் உலகெங்கும் உள்ள கத்தோலிக்கரின் பகை வந்து சேரும் என்று கணக்கிட்டவர்கள் தாண்டவில்லை. பிறர் மதிக்கும்வரைதான் கோடு அரணாகும்.

அந்த அரணுக்குக் கொடுத்த விலை என்ன என்ற கேள்வியும் உண்டு. உரோமாபுரியின் யூதர்கள் 1943ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வளைத்துப் பிடிக்கப்பட்டபோது பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. மடங்களிலும் கோயில்களிலும் பலர் ஒளித்துக் காக்கப்பட்டனர் என்பதும் உண்மை. அவர் காலத்து ஆவணங்கள் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. வாதம் இன்னும் ஓயவில்லை. பேசும் உரிமைக்காகவே 59 ஆண்டுகள் காத்திருந்து பெற்ற சுதந்திரம், பேசவேண்டிய நாளில் பேசியதா என்பதே அந்த வாதத்தின் கரு.

இன்னோர் அரண் நீர். இலாத்தரன் உடன்படிக்கையின்படி வத்திக்கானுக்குப் போதிய தண்ணீர் கிடைக்கச் செய்வது இத்தாலியின் கடமை. இதைப் படிக்கும் சிங்கப்பூரர் தம் வீட்டுக் குழாயை நினைக்காமல் இருக்க முடியாது. ஜொகூரோடு 1962ஆம் ஆண்டு செய்த தண்ணீர் ஒப்பந்தம் 2061 வரை செல்லுபடியாகும். 1965ஆம் ஆண்டுப் பிரிவினை உடன்படிக்கையிலேயே அதற்கு உறுதி அளிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நகர அரசுகள்; இரண்டுக்கும் மதிலுக்கு வெளியிலிருந்து நீர்; இரண்டுக்கும் காகிதத்தில் எழுதிய சொல்லே காவல்.

ஏழாவது உறுப்பு

ஆறு உறுப்புகளோடு ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. அது நினைவு. 1475ஆம் ஆண்டு நான்காம் சிக்ஸ்துஸ் முறையாக நிறுவிய வத்திக்கான் நூலகம் உலகின் பெருங்களஞ்சியங்களுள் ஒன்று. தமிழரின் செல்வமும் அங்கே உறங்கிக் கிடந்தது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தனிநாயக அடிகள் 1930களில் உரோமாபுரியில் குருத்துவக் கல்வி பயின்றவர். 1961ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தவர். 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமானவர். அவர் வத்திக்கான் நூலகத்தில் தேடியபோது, அந்தாவ் தெ புரோயென்சா என்ற போர்த்துகீசியக் குரு தொகுத்து 1679ஆம் ஆண்டு கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்ப் போர்த்துகீசிய அகராதி அவர் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பிறர் பார்வையில் படாமற்போன அந்நூலை அவர் படியெடுத்து, 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரிலிருந்து பதிப்பித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மக்கள் பேசிய சொற்கள் தைபர் ஆற்றங்கரையில் காக்கப்பட்டு, மலாயா மண் வழியாகத் தமிழுலகுக்குத் திரும்பி வந்தன. கறையான் தின்ன விடாமல் காப்பதும் ஓர் அரசின் தொழிலே.

முடிவுரை

ஆறு உறுப்புகளால் அளந்தபோது வத்திக்கானின் குடி மிகச் சிறிது. படை அதனினும் சிறிது. ஆயினும் அரசு நிற்கிறது. எழுதிய சொல்லைத் தானும் காத்து, பிறரும் காக்குமாறு செய்துகொண்டதால் நிற்கிறது. தான் எதற்காக இருக்கிறோம் என்பதை உலகம் அறியச் செய்ததால் நிற்கிறது.

இதைக் கண்டு நாம் எளிதில் ஆறுதல் அடைந்துவிடலாகாது. வத்திக்கான் குடிமகன் ஓய்வுபெற்றால் திரும்பிச் செல்ல அவனுக்கு ஒரு தாய்நாடு இருக்கிறது. அவ்வரசு பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டவோ இளைஞருக்கு வேலை தேடவோ முதியோருக்கு இலட்சக்கணக்கில் வீடு அமைக்கவோ வேண்டியதில்லை. தோ பாயோவின் அடுக்குமாடி வீட்டில் பிறக்கும் குழந்தைக்கோ இத்தீவை விட்டால் வேறு ஊர் இல்லை. அவர்களுடைய அரசு ஒரு பதவியைக் காக்கப் பிறந்தது. நம்முடைய அரசு ஒரு மக்களைக் காக்கப் பிறந்தது. ஆகவே அவர்களுக்கு மதிலும் உடன்படிக்கையும் போதலாம். நமக்கு அவற்றோடு உழைப்பும் ஒற்றுமையும் நாள்தோறும் வேண்டும்.

ஆயினும் இருவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. பெரிய நாடு தன் சொல்லை மீறினாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பரப்பு இருக்கிறது. சிறிய நாட்டுக்கு அதன் சொல்தான் பரப்பு.